சந்தேகத்தின் பலன்

எங்கள் ஊரில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். சந்தேகத்தின் பேரில் கணவனைப் போலீஸ் அழைத்துப் போனது. அவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவிருந்தது தெருவுக்கே தெரியும். மறுநாள் நாளிதழில் தலைப்பு: ‘கள்ளக்காதல் விவகாரம்: இளம்பெண் கொலை’. கள்ளம் யாருடையது? படிக்கிறவர் மனதில் அது செத்தவள் தலையில்தான் போய் உட்காரும். அன்று மாலைக்குள் டீக்கடையிலும் குழாயடியிலும் தீர்ப்பாகிவிட்டது: “அவ ஒழுங்கா இருந்திருந்தா அவன் ஏன் வெளிய போறான்?”

வகுப்பில் ஒரு மாணவியும் கேட்டாள்: “அவங்க மேலயும் தப்பு இருக்கும்ல மேம்?” அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் கொன்றானா என்பது எனக்குத் தெரியாது. அதை நீதிமன்றம் சொல்லட்டும். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கே சேர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிணமாகக் கிடந்தவளுக்கு மட்டும் ஏன் பலனில்லாத சந்தேகம்?

இது நேற்று வந்த நோயல்ல. நான் பாடம் நடத்தும் மருதத்திணையில் தலைவன் பரத்தையிடம் போய்வருவான், தோழி வாயில் மறுப்பாள், தலைவி ஊடுவாள், பிறகு கதவு திறக்கும். அவன் போவதற்கு இலக்கணம் துறை வகுத்திருக்கிறது. மணமான தலைவி இன்னொருவனை நினைக்கத் துறையே கிடையாது.

வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டமும் அதையேதான் சொன்னது. 497ஆம் பிரிவின்படி, ஒருவன் மனைவியோடு அவனுடைய சம்மதமில்லாமல் உறவுகொண்ட ஆண் குற்றவாளி. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. மணமாகாத பெண்ணிடமோ விதவையிடமோ போன கணவன்மீதும் குற்றமில்லை. அவன் மனைவி வழக்குப் போடவும் வழியில்லை. மனைவி என்பவள் வேலி போட்ட நிலம், அவ்வளவுதான். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போனது, தலைப்புச் செய்தியில் உயிரோடிருக்கிறது.

அதே தகவலை வைத்து ‘மனைவி கொலை: கணவனிடம் விசாரணை’ என்று எழுதியிருக்கலாம். ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதமாட்டார்கள். அதில் கிளுகிளுப்பு இல்லை.

மாணவிக்கு என் பதில் இது. அவளுக்கே ஓர் உறவு இருந்ததாக வைத்துக்கொண்டாலும், அதற்குச் சட்டத்தில் உள்ள வழி விவாகரத்து. உறவு யாரையும் கொல்வதில்லை. கொல்வது, தன் பொருள் என்று நினைக்கிற கை. ‘அவள்மேலும் தப்பு’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கைக்கு வாய்தா வாங்கிக் கொடுக்கிறோம்.

செத்தவளுக்கு ஆறாவது படிக்கும் மகள் இருக்கிறாள். செய்தித்தாள் படிக்கத் தெரிந்த வயது.