அசைன்மெண்ட்டும் அண்ணாச்சி கடை நோட்டும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலேஜ்ல என்கூடப் படிச்ச நண்பன் போன் பண்ணினான். நான் பொட்டி தட்ட வந்துட்டேன், அவன் எம்.ஈ. முடிச்சிட்டு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில வாத்தியாரா இருக்கான்.

"மச்சி, பசங்க அசைன்மெண்ட் எல்லாத்தையும் சாட்ஜிபிடில போட்டு எடுத்துட்டு வர்றானுங்கடா. கண்டுபிடிக்க நல்ல சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. நாங்க படிச்சது 2014-18. ஒருத்தன் எழுதின அசைன்மெண்டைப் பார்த்து மொத்த ஹாஸ்டலும் விடிய விடிய எழுதும். மூல ஆசிரியர் விட்ட ஸ்பெல்லிங் மிஸ்டேக் அறுபது பேர் தாளிலும் பத்திரமா இருக்கும். அந்த மூலப்பிரதியை முதல்ல கைப்பற்றுறது சாட்சாத் இவனேதான் :-)

அப்போ ஹாஸ்டல், இப்போ சாட்ஜிபிடி. மாறாதது கேள்விதான். "நார்மலைசேஷனை உதாரணத்துடன் விளக்குக." காட் 1970-71லயே எழுதி, எல்லா புக்குலயும் இருக்கிற சமாச்சாரம். அதைத் திருப்பி எழுதச் சொன்னா பையன் எங்கிருந்தாவது எடுத்துத்தான் எழுதுவான். காப்பியடிக்கத் தோதான கேள்வியைக் கேட்டுட்டு, காப்பியடிக்கிறான்னு கோவப்பட்டா எப்படி?

கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரை நான் நம்புறதில்ல. சொந்தமா எழுதினவனையும் அது மாட்டிவிட்டுடும். யுஜிசி 2018ல கொண்டுவந்த விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல. சரி, ஆனா அந்த சதவீதம் எத்தனை வார்த்தை ஒத்துப்போகுதுன்னுதான் சொல்லும். பையனுக்குப் புரிஞ்சுதான்னு சொல்லாது.

ரெண்டு பேரும் உக்காந்து கேள்வியை மாத்தினோம். "உங்க ஏரியா மளிகைக் கடையில கேட்டு, கடன் நோட்டுல ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதிட்டு வா (பேரையும் நம்பரையும் மாத்திக்கோ). அதை டேபிளா போடு. எதெல்லாம் திரும்பத் திரும்ப வருது? எப்படிப் பிரிப்ப?" எழுதிக் கொடுத்ததும் மூணு நிமிஷம் வாய்மொழியா ஒரு கேள்வி: "அண்ணாச்சியோட கஸ்டமர் ஒருத்தர் போன் நம்பரை மாத்திட்டார். உன் டேபிள்ல எத்தனை இடத்துல மாத்தணும்?" எதுக்கு எத்தனை மார்க்குங்கிறதையும் முன்னாடியே சொல்லிடணும். சாட்ஜிபிடிகிட்ட உதவி கேட்டாலும் பரவாயில்ல, பதில் சொல்ல வேண்டியது இவன்தானே.

நண்பன் உடனே கணக்குப் போட்டான். "அறுபது பேர், ஆளுக்கு மூணு நிமிஷம், மூணு மணி நேரம்டா. சிஓ-பிஓ மேப்பிங் ஃபைலை யாரு உங்கப்பனா முடிப்பான்?" நியாயமான கேள்வி. நாலு லேப் கிளாஸ்ல பதினஞ்சு பதினஞ்சு பேரா பிரிச்சா, ஒரு கிளாஸுக்கு முக்கால் மணி நேரம். அரை மனசா ஒத்துக்கிட்டான்.

லிட்ரேச்சர் சர்வேயும் இதே கதைதான். பத்து பேப்பரோட அப்ஸ்ட்ராக்டை வெட்டி ஒட்டுறதுக்குப் பதிலா ஒரே ஒரு பேப்பர் போதும். அவங்க என்ன சொல்றாங்க, எதை வச்சு சோதிச்சாங்க, எதைச் சோதிக்கல? ரெண்டு பக்கம். முதல் வாரம் பேப்பரைத் தேர்ந்தெடு, மூணாவது வாரம் டிராஃப்ட், அப்புறம் ஃபைனல். கடைசி ராத்திரி வேலையே இல்ல.

இவன் ஏன் ஊருக்கு உபதேசம் பண்றான்னு நினைப்பீங்க. மாடல் எக்ஸாம்ல நார்மலைசேஷனுக்கு 16க்கு 14 வாங்கினவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கஸ்டமர் அட்ரஸை மூணு டேபிள்ல வச்சேன். ஒண்ணுல மாத்திட்டு மத்த ரெண்டையும் மறந்துட்டேன். பில்லெல்லாம் பழைய வீட்டுக்குப் போச்சு. மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு டாய்லெட்ல போய் நின்னப்போதான் நார்மலைசேஷன் புரிஞ்சது. அந்த 14 மார்க்கை நினைச்சா இன்னிக்கும் கூச்சமா இருக்கு.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்ல தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40 மார்க். நான் படிச்சப்போ 20தான். அதாவது வாத்தியார் கையில இப்போ ரெண்டு மடங்கு இருக்கு. அதை உருப்படியா பயன்படுத்த அவருக்குத் தேவை நேரம். கல்லூரி நிர்வாகங்கள் திருட்டைப் பிடிக்கிற சாஃப்ட்வேருக்குக் கொட்டுற காசுல, வாத்தியார்களோட ஃபைல் வேலையைப் பார்க்க ஒரு ஆளைப் போடலாம். புண்ணியமாப் போகும்.

வாத்தியார் வேலை பார்க்கிற பதிவர்களே, நான் சொல்றது நடைமுறைக்கு ஒத்து வருமா? பின்னூட்டத்துல வந்து திட்டுறதுன்னாலும் திட்டுங்க. நண்பனோட மாணவர்கள் அடுத்த வாரம் நோட்டோட வர்றாங்க. அண்ணாச்சிகள் என்ன சொன்னாங்கன்னு அப்புறம் எழுதறேன்.