படிக்கத் தெரியவில்லையா, மொழி புரியவில்லையா? தங்கவயல் குழந்தைகளும் கற்றல் குறைபாடும்

பாலகாட் (கோலார் தங்கவயல்): வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் பல தலைமுறைகளாகத் தொடரும் நிலை இது. இத்தகைய சூழலில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினால், அது கற்றல் குறைபாடா, மொழிப் பழக்கமின்மையா என்று பிரித்தறிவது எளிதன்று.

பாலகாட் என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் அதற்கு ஒரே 'ப', ஒரே 'க' போதும். கன்னடத்திலோ இவ்விரு ஒலிகளுக்கும் தலா நான்கு எழுத்துகள் உள்ளன. அவற்றில் சரியானதைத் தேர்ந்தெழுத வேண்டும். தமிழ் பேசும் குழந்தை அதில் தவறினால், அதன் மூளையில் கோளாறு என்று பொருளாகாது.

உண்மையான கற்றல் குறைபாடு வேறு வகையானது. அது நரம்பு வளர்ச்சி சார்ந்தது. குடும்பவழியாகத் தொடர்வது மிகுதி. குறைமாதப் பிறப்பும் எடைக் குறைவும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வாசிப்பில் டிஸ்லெக்சியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா என அது வெளிப்படுகிறது. சோம்பலோ, அறிவுக் குறைவோ இதற்குக் காரணமல்ல. அறிவுசார் குறைபாட்டுடன் இதைக் குழப்பிக்கொள்வது இன்றும் பள்ளிகளில் காணப்படும் பிழை.

தங்கவயலைச் சூழ்ந்துள்ள சயனைடு மண்மேடுகளின் தூசியைக் காரணம் காட்டும் எண்ணம் எழுவது இயல்பே. ஈயம் போன்ற உலோகங்கள் குழந்தைகளின் கற்றலைப் பாதிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் இரத்தப் பரிசோதனை இன்றி ஒரு குழந்தையின் வாசிப்புத் திணறலை மண்மேட்டின் மேல் சுமத்துவது அவசர முடிவாகும்.

மதிப்பீடு எப்படி?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதலில் பார்வையும் கேட்கும் திறனும் சரிபார்க்கப்பட வேண்டியிருந்தது. பிறகு நுண்ணறிவுச் சோதனை. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. எட்டு வயது நிரம்பிய பின்னரே சான்றிதழ்.

இந்த எட்டு வயது என்ற வரம்பை எட்டு வயது வரை சும்மா இருக்கலாம் என்று படித்துக்கொள்வதுதான் பெருந்தவறு. சொற்களை ஒலிகளாகப் பிரிக்க இயலாமை, எதுகைச் சொற்களை இனங்காணாமை, பழகிய பொருள்களின் பெயரைச் சட்டென்று சொல்லத் திணறுதல் ஆகிய அறிகுறிகளை ஐந்து, ஆறு வயதிலேயே காணலாம். முக்கியமாக, இவற்றை வாய்மொழியாகத் தமிழிலேயே சோதிக்கலாம். வீட்டு மொழியிலும் இந்தத் தடுமாற்றம் இருந்தால் சந்தேகம் வலுப்பெறும். கன்னடத்தில் மட்டும் இருந்தால் தேவைப்படுவது மொழிப் பயிற்சி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் 'டாலி' சோதனை இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. கன்னடமும் அதன் தொடக்க மொழிகளுள் ஒன்று.

தடுக்க முடியுமா? முழுமையாக முடியாது. பேறுகாலச் சத்துணவு, இரத்தசோகைக்கான சிகிச்சை, மதுவைத் தவிர்த்தல், அயோடின் கலந்த உப்பு ஆகியவை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் துணை நிற்கும். அதைவிடத் தடுக்கக்கூடியது குறைபாட்டின் விளைவு: அவமானம், அடி, இடைநிற்றல். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் சிறப்புக் கல்வியே இதற்கான சிகிச்சை, மருந்து இல்லை.

சான்றிதழ் வெறும் காகிதமல்ல. குறைபாட்டின் அளவு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்றவருக்கு எழுத்துத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாக வழங்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. 18 வயது வரை இலவசக் கல்வியும் உரிமை.

ஆனால் அதைப் பெறும் வழி நீளமானது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பின், தங்கவயலின் உழைப்பாளர்கள் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். விடியலில் கிளம்பி இரவில் திரும்பும் பெற்றோர் ஆசிரியரைச் சந்திப்பதே அரிது. கோலார் சுமார் 30 கிலோமீட்டர், நிம்ஹான்ஸ் சுமார் 100 கிலோமீட்டர். மதிப்பீடு ஒரே அமர்வில் முடிவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி எட்டு வயதுக்குப் பின் பெறும் சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.