முப்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பும் எண்ணூர்க் காற்றும்

பி.காம் மூன்றாம் வருடம் வந்ததும் வீட்டில் லேப்டாப் பேச்சு தொடங்கிவிடும். டாலி, எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன் பயிற்சி, ப்ராஜக்ட் ரிப்போர்ட், வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட்... எதையும் மொபைலில் ஒப்பேற்ற முடியாது. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ, துறைமுகக் கூலியிலும் லாரி ஓட்டியும் மீன் விற்றும் ஓடுகிற வீடு என்றால் அந்த முப்பதாயிரம் பெரும்பாலும் கையில் இருக்கிற பணம் இல்லை. சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம், இல்லாவிட்டால் தண்டலுக்கு வாங்கிய பணம். மெஷின் ஒன்றரை வருடத்தில் படுத்துவிட்டாலும் தண்டல்காரர் சாயங்காலம் வராமல் இருக்கப் போவதில்லை.

இவ்வளவு யோசித்து வாங்கும் பொருளை, கடைக்குப் போனதும் பலரும் மூன்று எண்களைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். எத்தனை ஜிபி ரேம், என்ன பிராசஸர், என்ன விலை. இந்தப் பட்ஜெட்டில் முதலில் கேட்க வேண்டியது வேறு: கெட்டுப்போனால் இதைத் திறந்து சரிசெய்ய முடியுமா? வட சென்னையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் நியாயம் உண்டு.

காரணம் காற்று. உப்பு கலந்த ஈரக்காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்பது காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எல்லோருக்கும் தெரியும். அதே காற்றுதான் லேப்டாப்பின் விசிறி வழியாக உள்ளே போய் செம்பையும் கனெக்டர்களையும் தொடுகிறது. தூசி இன்னொரு பக்கம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவதை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிறுத்தினார்கள். ராயபுரம் வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குத்தான் போனது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது, பக்கத்தில் வல்லூர் இருக்கிறது, சாம்பலும் இருக்கிறது. நுண்ணிய சாம்பல் விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மெத்தை மாதிரி படிந்தால் சூடு வெளியேறாது.

கந்தகமும் சேர்ந்தால் கதை இன்னும் மோசம். மின்னணுப் பொருட்களில் ஈயம் கூடாது என்று 2006-ல் ஐரோப்பா சட்டம் கொண்டுவந்த பிறகு, பல சர்க்யூட் போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு கொடுக்க ஆரம்பித்தார்கள். கந்தக வாயு உள்ள இடங்களில் அந்தப் போர்டுகள் அரித்துப் போவதை உலகெங்கும் தொழிற்சாலைகளில் கண்டார்கள். டேட்டா சென்டர்களுக்கே இதற்கென்று தனி வழிகாட்டி 2009-ல் வந்தது. ஏசி அறையில் இருக்கும் சர்வருக்கே இந்தக் கவலை என்றால், மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் காற்று வாக்கில் இருக்கும் வீட்டில் திறந்த ஜன்னலோரம் கிடக்கும் லேப்டாப்பைப் பற்றி யாருக்குக் கவலை? வாரண்டி அட்டையிலும் பொதுவாக அரிப்பு, ஈரம், சுற்றுச்சூழல் பாதிப்பு எல்லாம் 'கவர் ஆகாது' என்ற பட்டியலில்தான் இருக்கும்.

இனி புது லேப்டாப்பின் பக்கம். மிகக் குறைந்த விலையில் கிடைப்பது செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஈஎம்எம்சி ஸ்டோரேஜ். விண்டோஸ் 11 ஏறுவதற்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அதாவது வாங்கும் அன்றே கோட்டின் மேல் நிற்கிறது! இரண்டு அப்டேட் வந்தால் இடம் தீர்ந்துவிடும். ஈஎம்எம்சி போர்டோடு பற்றவைக்கப்பட்டது; அதைக் கழற்றிப் பெரிதாகப் போட முடியாது. பரிசாகக் கொடுத்தால்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு ஒரு படி மேலே பெயர் விளையாட்டு. ரைசன் 3 7320யூ என்ற சிப்பைப் பட்ஜெட் லேப்டாப்களில் பார்க்கலாம். 2022-ல் வந்தது. 7 என்று தொடங்குவதால் புதுசு என்று தோன்றும். ஆனால் ஏஎம்டி அந்த வரிசையில் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறையைக் காட்டியது மூன்றாவது இலக்கத்தில். இங்கே அது 2. ஜென் 2, 2019-ல் வந்த வடிவமைப்பு. சிப் மோசம் இல்லை, டாலிக்கும் எக்செலுக்கும் தாராளமாகப் போதும். சிக்கல் ரேமில். இந்தச் சிப் ஏற்கும் ரேம் வகை போர்டில் பற்றவைக்க வேண்டிய வகை. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். ரேம் பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும்.

(குரோம்புக் மலிவாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். டாலிபிரைம் விண்டோஸில் ஓடுவது. பி.காம் படிப்பவருக்குப் பதில் அங்கேயே முடிந்தது.)

மலிவு லேப்டாப் என்றாலே குப்பை என்று சொல்லவும் முடியாது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸ். (ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது, அந்தத் தலைமுறைக்கு இது மறந்திருக்காது.) அதே 2011 அக்டோபரில் டெல்லியில் ஆகாஷ் டேப்லட்டை வெளியிட்டார்கள். உலகின் மிக மலிவான டேப்லட் என்று பெரிய பேச்சு. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் வேலை செய்யும் திரை. விலையை முதலில் எழுதிவிட்டு அதற்குள் பொருளைத் திணித்தால் ஆகாஷ். இதற்குக் குறைந்தால் வேண்டாம் என்று பொருளை முதலில் எழுதிவிட்டு டெண்டர் விட்டதால் எல்காட் வாங்கியவை வருடக்கணக்கில் ஓடின. ஹார்ட் டிஸ்க்கையும் ரேமையும் மாற்றி ஓட்ட முடிந்ததும் ஒரு காரணம்.

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் என்று அறிவித்து 2000 கோடி ஒதுக்கியது. ஆகவே காசை இறக்குவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது. 2011 திட்டத்தில் சுயநிதிப் பிரிவுகளில் படித்தவர்கள் வெளியே நின்றார்கள்.

சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும் என்றால், இந்த விலையில் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் லேப்டாப்தான் சரியான தேர்வு. திங்க்பேட் டி வரிசை, டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக். ஐடி நிறுவனங்கள் மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாகக் கழித்துவிடுபவை. இவற்றின் சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளர்களே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் கீழ்மூடி வந்துவிடும்; விசிறியைத் துடைக்கலாம், பேட்டரி, எஸ்எஸ்டி, கீபோர்டு மாற்றலாம். பலவற்றில் கீபோர்டு தண்ணீர் சிந்தினால் கொஞ்சம் தாங்கும். 2018-ல் வந்த திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 5490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். வருடத்துக்கு ஒருமுறை சாம்பலைத் தட்டிவிட்டு ஓட்ட வேண்டிய ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமலே அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. அங்கே ஏமாறவும் வழிகள் உண்டு.

முதலாவது, தலைமுறை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும், ஓரிரண்டு விதிவிலக்குகள் தவிர. ஆறாம், ஏழாம் தலைமுறையிலும் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றி விற்க முடியும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மாடல் பெயரை மட்டும் நம்பினால் போதாது, டி480-யிலேயே ஏழாம் தலைமுறைச் சிப்போடும் வந்திருக்கிறது. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 8350 என்பதுபோல எட்டில் தொடங்குகிறதா என்று திரையில் பார்க்க வேண்டும். பத்து, பதினொன்று கைக்கு எட்டினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பூட்டு. பழைய கம்பெனியின் கணக்கிலிருந்து விடுவிக்கப்படாத லேப்டாப், ரீசெட் செய்தால் அந்தக் கம்பெனி ஈமெயிலைக் கேட்டு நிற்கும். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் இன்னும் வம்பு. கடைக்காரரை எதிரிலேயே ரீசெட் போட்டு, இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். மறுக்கிறார் என்றால் அடுத்த கடை இருக்கிறது.

மூன்றாவது, பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்தால் பேட்டரி பிறந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துத்தான் பேரம். திருகுகளும் யூஎஸ்பி ஓட்டைகளும் துருப்பிடித்திருந்தால் அது ஏற்கெனவே கடற்கரையில் குடியிருந்த மெஷின்.

கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. புதுசு 30,000, ஒரு வருட வாரண்டி, போர்டு போய் இரண்டு வருடத்தில் முடிந்தது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 15,000. பழசு 24,000, பேட்டரிக்கும் சர்வீசுக்கும் 4,000 சேர்த்து நான்கு வருடம் ஓடினால் வருடத்துக்கு 7,000. வருமான வரிச் சட்டம் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் தேய்மானமே 40 சதவீதம். முதல் வருடத்தின் அந்தப் பெரிய தேய்மானத்தை ஏதோ ஒரு ஐடி கம்பெனி தலையில் கட்டிவிட்டு, மீதியை வாங்குவதில் என்ன வெட்கம்? எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறியதில் பழைய மெஷின்களும் முன்போல் மலிவில்லை. ஆனாலும் வகுத்துப் பார்க்க வேண்டியது வருடத்தால்தான்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' பலகையும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, மேலே பிராசஸிங் கட்டணம். மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழசுக்கு எதிராகச் சொல்ல நியாயமான விஷயமும் உண்டு. கடை வாரண்டி மாதக் கணக்கில்தான் இருக்கும், சில கடைகளில் வாய் வார்த்தையாக. அதனால் சீரியல் நம்பர் எழுதிய பில், வாரண்டி நாட்கள் அதே பில்லில், இரண்டும் இல்லாமல் ரிச்சி தெருவை விட்டு வெளியே வரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டியது பிளக் பாயின்ட்டின் எர்த். பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருப்பது உண்டு. சார்ஜ் போடும்போது உடம்பில் சுரீரென்று இருந்தால் லேப்டாப்பைத் திட்டுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் தரையில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாமில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்தே வந்தது.