சுவர் தாங்கிற்று, சான்று தாங்குமா?

1988ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆந் திகதி, அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தினர் நியூ மெக்சிக்கோவில் பன்டம் போர்விமானம் ஒன்றினை றொக்கெற்றுகளால் உந்திக் கொங்கிறீற்றுச் சுவரொன்றின்மீது மோதவிட்டனர். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 215 மீற்றர். விமானம் தூள்தூளாயிற்று. சுவரிலோ, மிக ஆழமான காயம் 6 சென்ரிமீற்றரே! அணுமின்சாரத்துக்குப் பரிந்து பேசுவோர் பலர் அன்று முதல் அப்படத்தைக் காட்டி, "அணுவுலைக்கு ஆகாயத்தால் ஆபத்தில்லை" எனச் சாதித்து வருகின்றனர்.

அச்சுவரின் தடிப்பு யாது? 3.66 மீற்றர். அணுவுலைகளின் வெளிச்சுவர்களோ பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீற்றர் தடிப்புடையன. அன்றியும், அச்சுவர் நிலத்தில் ஊன்றி நிற்கவில்லை. மோதலின் விசையை அளப்பதற்காக, நகரக்கூடியதாகவே வைக்கப்பட்டிருந்தது. சுவர் உடையுமா என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வியே அன்று. ஆய்வாளர்மீது குற்றமில்லை, அவர்கள் அளக்க வந்ததை அளந்தனர். கேளாத கேள்விக்கு அதிலே விடை கண்டவர்களையே நாம் குறை கூறுகின்றோம்.

கொங்கிறீற்று அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவையைத் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்கவலிமையிற் பத்திலொரு பங்கு அளவினதே. எறிபொருள் மோதியதும் முன்முகத்திற் குழி விழுகின்றது. அது கண்ணுக்குத் தெரியும் காயம். அதே கணத்தில் அமுக்க அலையொன்று சுவரினுள்ளே ஓடுகின்றது. பின்முகத்துக்கு அப்பால் வெறும் வளியே. ஆதலின் அவ்வலை இழுவையாக மாறித் திரும்புகின்றது. அங்கேதான் கொங்கிறீற்று தோற்கின்றது. எறிபொருள் சுவரைத் துளையாதிருக்கவும், பின்புறம் பாளம்பாளமாகப் பெயர்ந்து உள்ளே பாய்கின்றது. பகை வெளியே நிற்க, காக்க வேண்டிய சுவரே உள்ளிருப்போரைத் தாக்குகின்றது! உட்பதித்த கம்பிகள் வெடிப்பைத் தடுப்பனவல்ல. உடைந்த துண்டுகளை ஓரளவு பற்றிப் பிடிப்பன. மிகத் தடித்த சுவரில் அலை பின்முகத்தை அடையுமுன் பெரிதும் தளர்ந்துவிடும். மூன்றரை மீற்றருக்கு மேற்பட்ட சுவரின் வெற்றி ஒரு மீற்றர்ச் சுவருக்குச் சான்றாகாமை இதனாலேயே.

மோதுவது எது என்பதும் ஒரு கேள்வி. விமானத்தின் உடல் மெல்லிய உலோகக் கூடு. தானே நசுங்கித் தன் வேகத்தைத் தொலைக்கும். சாண்டியாச் சுவரில் உடல் பதித்த தடம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். ஆறு பதித்தவை கடினமான எஞ்சின்கள். 1945 மார்ச் 27இல், ஜேர்மனியின் பிறேமன் நகருக்கு அணித்தான பார்கேயில், நீர்மூழ்கிக் கப்பற் கட்டிடத்தின் 4.5 மீற்றர்க் கூரையைப் பிரித்தானியரின் கிராண்ட் சிலாம் குண்டுகள் இரண்டு உடைத்தன. உருக்கு உடல் கூரையைக் குடைந்து உட்புகுந்தது. எஞ்சியதை வெடிப்புச் செய்தது. சாண்டியாச் சுவரினும் தடித்த கொங்கிறீற்று அது.

2009இல் அமெரிக்க அணு ஒழுங்காற்று ஆணைக்குழு, புதிய அணுவுலைகளை வடிவமைப்போர் பெரிய பயணிகள் விமானத்தின் மோதலை ஆராய்ந்து காட்டல் வேண்டுமென விதித்தது. பழைய படமே போதுமாயின் புதிய விதி எதற்கு?

2022 மார்ச்சில் உக்ரேனின் சப்போரிஷியா அணுமின் நிலைய வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து கட்டிடமொன்று தீப்பற்றியது. அத்தகைய நிலையங்களுக்கு அருகே வாழும் மக்களுக்குப் படம் வேண்டாம். தம் நிலையத்துச் சுவரின் தடிப்பு எவ்வளவு, எத்தகைய பொருளை, எவ்வேகத்தில் மோதவிட்டுக் கணக்கிட்டனர், பின்முகம் பெயருமா என்பனவற்றுக்கே அவர்களுக்கு விடை வேண்டும்.