ஜோய்ஸ்ரிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோருக்கு

யாழ்ப்பாணத்து இலத்திரனியல் கடைகளில் சில காலமாக ஒரே தீர்ப்புத்தான் வழங்கப்பட்டு வருகிறது. வீட்டுக் கொன்சோலில் சண்டை விளையாட்டு ஆடும் இளைஞன் ஒருவன், பொத்தானை அழுத்திச் சற்றுச் சுணங்கித்தான் திரையில் அடி விழுகிறது என்ற முறைப்பாட்டோடு தன் ஆர்க்கேட் ஜோய்ஸ்ரிக்கைத் தூக்கிக்கொண்டு போகிறான். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பழசு தம்பி, இனிச் சரிவராது. புதுசொண்டு எடுங்கோ." விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேன்முறையீடும் இல்லை.

இத்தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது என்பதே என் வாதம். விளையாட்டுச் சாமானுக்காக மல்லுக்கட்டுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம். காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களில் இருந்த கைப்பிடியையும் பொத்தான்களையும் வீட்டுக்கென ஒரு தட்டில் பொருத்தியதே ஆர்க்கேட் ஜோய்ஸ்ரிக். கைப்பிடியின் அடியில் நான்கு திசைக்கு நான்கு சிறு ஆளிகள். ஒவ்வொரு பொத்தானின் கீழும் ஓர் ஆளி. இவற்றிலிருந்து வரும் வயர்கள் ஒரு சிறு மின்சுற்றுப் பலகையில் சேர்கின்றன. அந்தப் பலகைதான் கொன்சோலோடு பேசுகிறது. ஆளி என்பது தொடும், அல்லது தொடாது. வயது போனால் அது தொடாமல் விடலாம், ஒருமுறை அழுத்த இருமுறை தொடலாம், கடற்காற்றின் உப்பால் தொடுமுனை கறுத்துப்போகலாம். ஆனால் ஆறுதலாக யோசித்துவிட்டுத் தொடும் ஆளியை எவரும் இன்னும் செய்யவில்லை. ஆகவே கைப்பிடி பழையது, அதனால் மந்தம் என்பது காரணமே அல்ல.

அப்படியானால் மந்தம் எங்கேயிருந்து வருகிறது? அநேகமாகச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சியிலிருந்து. இந்த வகை விளையாட்டுகள் செக்கனுக்கு 60 படச்சட்டம் என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். இன்றைய தட்டைத் தொலைக்காட்சி வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தைக் கூட்டும், அசைவை மெருகூட்டும், ஓரங்களைக் கூராக்கும். இவ்வளவு ஒப்பனையும் முடிந்த பிறகே காட்டும். ஒப்பனைக்கு 50 முதல் 100 மில்லிசெக்கன் வரை, சிலவற்றில் அதற்கும் மேலே செலவாகும். 100 மில்லிசெக்கன் என்றால் ஆறு சட்டம். வேகமான ஒரு குத்து நான்கு சட்டத்தில் வந்து விழும் விளையாட்டில், ஆறு சட்டம் பிந்திப் பார்ப்பவன் தோற்காமல் என்ன செய்வான்? அதே தொலைக்காட்சியின் பட்டியலில் 'கேம் மோட்' என்றொரு தெரிவு இருக்கும். அதை இயக்கினால் ஒப்பனை நின்றுவிடும்; பல தொலைக்காட்சிகளில் தாமதம் 10, 20 மில்லிசெக்கனுக்கு இறங்கிவிடும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. இதைச் சொல்லாமல் புதுப் பெட்டியை விற்பவரை வியாபாரி என்பதா, வேறு சொல்லால் அழைப்பதா என்பதை வாசகரிடமே விடுகிறேன்.

சோதிப்பதும் கடினமல்ல. கொன்சோலோடு வந்த சாதாரணக் கைப்பிடியை வயரால் இணைத்து அதே திரையில் ஆடிப் பாருங்கள். அதுவும் சுணங்கினால் ஜோய்ஸ்ரிக் நிரபராதி. இன்னும் நுணுக்கமாக அறிய வேண்டுமானால், செக்கனுக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியால் விரலும் திரையும் ஒருசேரத் தெரியும்படி பதிவுசெய்து, அழுத்தியதற்கும் அசைந்ததற்கும் இடையிலுள்ள படங்களை எண்ணலாம். ஒரு படம் நான்கு மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல் போதும்.

சாதாரணக் கைப்பிடி சரியாக இயங்கி ஜோய்ஸ்ரிக் மட்டும் மந்தமானால், சந்தேகம் இரண்டின்மேல் மட்டுமே விழ வேண்டும். ஒன்று, பழைய பெட்டியைப் புதிய கொன்சோலில் செருகுவதற்கு வாங்கிய மலிவான மாற்றி. மற்றது, உள்ளேயிருக்கும் பலகை. யூ.எஸ்.பி. வழியே நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். செக்கனுக்கு 125 தடவை மட்டும் நிலைமையைச் சொல்லும் பலகை உண்டு, 1000 தடவை சொல்லும் பலகையும் உண்டு. முன்னதில் 8 மில்லிசெக்கன் வரை வீணாகும், பின்னதில் ஒன்று. பலகையை மட்டும் மாற்றினால் போதும். 2021 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பீக்கோ என்ற சிறு பலகையின் அறிமுக விலை நான்கு அமெரிக்க டொலர். அதில் ஏற்றுவதற்கென ஆர்வலர்கள் எழுதிய ஜிபி2040-சிஈ என்னும் மென்பொருள் இலவசம். ஆளிகள் பழுதென்றாலும், 30 மில்லிமீற்றர் பொத்தான்கள் தரப்படுத்தப்பட்டவை. பழையதைக் கழற்றிச் சன்வா போன்ற யப்பானியத் தயாரிப்பைச் செருகலாம். பெரும்பாலும் ஈயம் பற்றவைக்கவும் வேண்டியதில்லை.

இதை வேறெந்த ஊரிலும் சொன்னால் புதுமையாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் சொல்ல வேண்டி வந்ததுதான் அவமானம். 1990 இல் மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்ட ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டது இந்தக் குடாநாடு. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. உலகம் அருங்காட்சியகத்தில் வைத்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை வாடகைக்கு ஓடவிட்டது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு நான்கு திருகாணியைக் கழற்றக்கூடாது என்று போதிக்கிறோம்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் இதில் பங்குண்டு. "பழசை எறி, நான் புதுசு அனுப்புறன்" என்று ரொறன்ரோவிலிருந்து வரும் குரலில் அன்புதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 120 வோல்ட் நாட்டில் வாங்கிய சாமான் 230 வோல்ட் நாட்டில் புகைவதையும், தபாலில் வந்த பெட்டி வேறொரு கொன்சோலுக்கு உரியதாக இருப்பதையும் எத்தனை வீடுகள் கண்டிருக்கின்றன! 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐயும் தாண்டியபோது, 300க்கும் மேற்பட்ட பண்ட வகைகளின் இறக்குமதியை அரசு இடைநிறுத்தியபோது, புதிது வாங்கு என்ற உபதேசத்துக்கு என்ன பெறுமதி இருந்தது?

கடைக்காரரும் மாமாவும் சிறிய குற்றவாளிகள். பெரியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். நான் சொன்ன நான்கு டொலர்ப் பலகை கணினியிலும் நிண்டெண்டோ சுவிச்சிலும் நேரே இயங்கும். பிளேஸ்ரேசன் 4 இல் உரிய இரகசியத் திறப்பு இல்லாவிட்டால் எட்டு நிமிடத்தில் தொடர்பு அறுந்துவிடும். பலகை பழுதல்ல, சோனியின் பூட்டு. மைக்ரோசொப்ட் 2023 நவம்பர் 12 முதல் தன் அனுமதி பெறாத துணைச் சாதனங்களை எக்ஸ்பொக்ஸில் முடக்கியது. முதல் நாள் வரை நன்றாக இயங்கிய மாற்றிகள் மறுநாள் செத்தன. சட்டம் காக்கும் என்று நம்புவோர் கலிபோர்னியாவைப் பார்க்கட்டும். 2023 இல் அங்கு நிறைவேறிய திருத்தும் உரிமைச் சட்டம் கைப்பேசியைச் சேர்த்தது, சலவை இயந்திரத்தைச் சேர்த்தது, வீடியோ விளையாட்டுக் கொன்சோலைப் பெயர் சொல்லி விலக்கியது. அதே ஆண்டு மினசோட்டாவிலும் அதே விலக்கு. தற்செயலாம்!

"விளையாட்டுத்தானே" என்ற நண்பர்களுக்கு இப்போது வருகிறேன். 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ரீட் பைற்றர் பதக்க விளையாட்டு. தென்கொரியாவுக்காகத் தங்கம் வென்ற கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019 என்ற ஒரே ஆண்டில் யப்பானிலும் லாஸ் வேகாசிலும் ஈவோ போட்டிகளில் ரெக்கன் வென்றார். பணக்கார நாட்டுக்காரர் அல்லர் அவர். விசா எடுப்பதே பெரும்பாடாக இருந்த நாட்டிலிருந்து போனவர். நம் பையன் தோற்றால் அவன் கை மந்தம் என்கிறோம். அவன் ஆறு சட்டம் பிந்திய திரையைப் பார்த்து ஆடினான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் தன்னையே மந்தன் என்று நம்பி எழுந்து போய்விடுகிறான். பணம் வீணாவதைவிட எனக்கு உறைப்பது இதுதான்.

பழுது பார்க்கும் கடைக்காரர்களிடம் ஒரேயொரு கோரிக்கை. அடுத்த முறை ஒருவன் வந்தால், உங்கள் தொலைக்காட்சியில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு அடித்தகட்டைக் கழற்றிக் காட்டுங்கள். அவனையே கழற்ற விட்டால் இன்னும் நல்லது. அதற்கு உரிய கூலியையும் கேட்டு வாங்குங்கள். திருத்துக்கூலி கொடுக்க மறுத்துப் பேரம் பேசுகிற நம்மவர்களும்தான் உங்களைப் புதுப் பெட்டி விற்கப் பழக்கினார்கள். அவர்களைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத இருக்கிறேன்.