வாயுவா, மாரடைப்பா?

நமுனுகுல மலைத் தோட்டங்களில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், லயத்தில் முதலிற் பிறக்கும் சொல் ‘வாயு’ என்பதே. இஞ்சிக் கோப்பி வரும். ஓமத் தண்ணீர் வரும். (இஞ்சிக் கோப்பியை நாம் பழிக்கவில்லை; நாமும் அதற்கு அடிமையே.) ஆயினும், நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம் சில நிமிடங்களில் தணியாது, கைக்கோ தாடைக்கோ பரவி, குளிர்ந்த வியர்வையும் சேருமாயின் அது மாரடைப்பாகலாம். ஏற்றம் ஏறுகையில் வந்து, நின்றதும் தணியும் வலியும் எச்சரிக்கையே. நீரிழிவுடையோர்க்கும் பெண்டிர் சிலர்க்கும் நெஞ்சுவலியின்றி, அசதியும் குமட்டலுமாகவே அது வருவதுண்டு. கொழுந்தெடுத்த களைப்பென்று நாம் இருந்துவிடுகிறோம்.

பாரிசவாதமோ, முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் எனத் திடீரெனத் தோன்றும். இரத்தக்கட்டி அடைத்ததாயின், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். இரத்தம் கசிந்ததாயின் அம்மருந்தே ஆபத்து. எது என்பதை ஸ்கேன் செய்தே அறியலாம். ஆகையால் வீட்டில் அஸ்பிரின் கொடுத்தல் ஆகாது, கோப்பியும் வேண்டா.

கொழுந்து லொறியைத் தேடி அலையாது 1990 என்னும் எண்ணை அழையுங்கள். 2016இல் தொடங்கிய ‘சுவ செரிய’ அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை. ‘கடைசியாக நலமாயிருந்தது எத்தனை மணிக்கு?’ என்று மருத்துவர் கேட்பார். விடை தெரிந்த ஒருவர் உடன் செல்லட்டும்.