சட்டை நுனியும் மூக்குக்கண்ணாடியும்

கண்ணாடி போட்ட மகாஜனங்களே, மேல படிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன காரியம் பண்ணுங்க. கண்ணாடியைக் கழட்டி டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி பொடிப்பொடியா கோடு தெரியுதா? தெரிஞ்சா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். தெரியலைன்னா, இனிமேலும் தெரியாம இருக்கறதுக்காக உங்களுக்கும்தான்.

கொஞ்ச நாள் முன்னாடி எங்கப்பா பேப்பர் படிக்கறதை நிறுத்திட்டார். தலைப்புச் செய்தியில ஆரம்பிச்சு வரி விளம்பரம் வரைக்கும் ஒண்ணு விடாம படிக்கிற மனுஷர். கேட்டா, "கண்ணு மங்குதுடா, வயசாச்சில்ல" அப்படின்னார். நாங்களும் புரைதான்னு நாங்களே முடிவு பண்ணிட்டு, வெயில் போகட்டும், தீபாவளி போகட்டும்னு ஏழெட்டு மாசம் ஓட்டிட்டோம். கடைசியில டாக்டர்கிட்ட போனா, அவர் கண்ணை எல்லாம் சோதிச்சுட்டு, அப்பாவோட கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சார். "இதைப் போட்டுக்கிட்டு எப்படி சார் படிப்பீங்க? புரை இப்பதான் ஆரம்பம், ஆபரேஷன் எல்லாம் இப்ப வேண்டாம். முதல்ல லென்ஸை மாத்துங்க." புது லென்ஸ் வந்த அன்னிக்கு அப்பா பழைய பேப்பர் கட்டையும் சேர்த்து எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா அந்தக் கண்ணாடியை தினமும் காலையில துடைச்சுக் கொடுத்தது நான்தான். என் பனியன் நுனியால. பாசமா!

இதுல பழக்கத்தோட தப்பு ஒண்ணு இருக்கு. நம்ம தாத்தாக்கள் வேட்டி முனையால அழுத்தித் துடைச்சாங்க, ஒண்ணும் ஆகலை. ஏன்னா அது நிஜமான கண்ணாடி, கனமானது, கெட்டியானது. இன்னிக்கு நாம போடறது பெரும்பாலும் பிளாஸ்டிக். சி.ஆர்.-39ன்னு 1940கள்ல அமெரிக்காவுல வந்த பிளாஸ்டிக்கும், பாலிகார்பனேட்டும்தான் அதிகம். கீழ விழுந்தா சுலபமா உடையாது, மூக்கு வலிக்காது. ஆனா கீறல் சீக்கிரம் விழும். தெருப்புழுதியில இருக்கற மணல் துகள், நிஜக் கண்ணாடியையே கீறக்கூடியது. பிளாஸ்டிக் எம்மாத்திரம்? காய்ஞ்ச லென்ஸைத் துணியால தேய்க்கறப்போ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். பொருள் மாறிப்போச்சு, கை மட்டும் தாத்தா காலத்துலயே இருக்கு.

இதுக்கு மேல கோட்டிங் வேற. பூச்சு இல்லாத லென்ஸ் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிடும். அதைத் தடுக்கிற பூச்சை 1935ல ஜெர்மனியில ட்சைஸ் கம்பெனியில வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்டுபிடிச்சார். தலைமுடியை விட எத்தனையோ மடங்கு மெல்லிசு அது. அதுக்குத் தனியா காசு கொடுத்துட்டு, மறுநாளே முந்தானையால தேய்ச்சு எடுக்கறோம்!

என் கட்சி ஒரே வரிதான்: துடைக்காதீங்க, கழுவுங்க.

முதல்ல கையைக் கழுவிக்கங்க. குழாயடியில கண்ணாடியைக் காட்டி புழுதி போக விடுங்க. பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு, விரல் நுனியால ரெண்டு பக்கமும் மெதுவா. மூக்கு உட்காருற இடத்தையும் மறக்காதீங்க, எண்ணெய் எல்லாம் அங்கதான் குடியிருக்கு. அலசி, உதறி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா தானா காய விடாதீங்க, வெள்ளைத் திட்டு நிக்கும். கடைசியா ஒரு தடவை குடிதண்ணியில அலசினா போதும். அந்தத் துணியையும் அப்பப்போ துவைங்க, அழுக்குத் துணி பழைய மணலையே திரும்பப் பூசும்.

வெந்நீர் வேண்டாம். வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுல வைக்க வேண்டாம், சூட்டுல பிளாஸ்டிக் ஒரு அளவு விரியும், பூச்சு வேற அளவு விரியும், வெடிப்பு விட்டுடும். ஜன்னல் துடைக்கிற திரவம், நகப்பூச்சு எடுக்கிற அசிட்டோன் ரெண்டும் கிட்டயே வரக்கூடாது. டூத்பேஸ்ட் போட்டா கீறல் போகும்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, இருக்கற பூச்சும் போயிடும். விழுந்த கீறல் விழுந்ததுதான். கேமரா வெச்சிருக்கறவங்களுக்கும் இதே தர்மம், ஆனா அங்க தண்ணி கிடையாது: முதல்ல ஊதுபந்தால புழுதியை ஊதணும், அப்புறம்தான் துணி.

கண்ணாடிக் கடைக்காரங்க மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. எந்தக் கோட்டிங் எவ்வளவுன்னு அரை மணி நேரம் பேசறாங்க. "சார், தண்ணியில கழுவுங்க"ன்னு சொல்ல ரெண்டு செகண்ட் ஆகாதா? ஆயிரக்கணக்கில வாங்கறப்போ கேட்க வேண்டியது நம்ம உரிமையும்தான்.

காசு போனா போகுது. எங்கப்பாவுக்குப் போனது ஏழெட்டு மாசக் காலைப்பொழுது. அதை எந்தக் கடையிலயும் விக்கறதில்லை.

டிஸ்கி: கீறல்தான்னு நீங்களே முடிவு பண்ணி உட்கார்ந்துடாதீங்க. பார்வை மங்கினா கண் டாக்டர்தான் முதல். போகும்போது மறக்காம கண்ணாடியையும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, இன்னிக்கு ராத்திரியே அவங்க கண்ணாடியை வாங்கி டியூப் லைட்டுல ஒரு தடவை பாருங்க.